கருகமணி தெரிகிற தண்ணீர்

நாகமணி கொல்லை நீச்சல் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை வேண்டுமென்றே அப்படித் திருப்பிப் போட்டிருந்தாள், முகம் மோட்டார் அறையைப் பார்க்க, முதுகு தண்ணீரைப் பார்க்க. கையில் காப்பி. விடிந்தும் விடியாத நேரம். மருதமலைப் பக்கம் இருட்டு கொஞ்சம் இளகியிருந்தது, அவ்வளவுதான். இப்போது திரும்பிப் பார்த்தால் எந்தத் தண்ணீரும் கறுப்பாகத்தான் தெரியும், கறுப்பைப் பார்த்த மனசு உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடும், அப்புறம் சூரியனே இறங்கி வந்து சொன்னாலும் கேட்காது, தன் மனசைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. வெளிச்சம் வரட்டும். நன்றாக வரட்டும். லாரி வருவதற்குள் வந்தால் போதும். செம்மண் லாரி. முதல் லோடு இன்று காலை என்று அவர் போனில் சொல்லும்போது கூடத்தில்தான் நின்றிருந்தாள். அவர் என்றால் குழந்தைவேல், அவளுடைய வீட்டுக்காரர், தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்து செய்தே தலை நரைத்த மனுஷர். போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "சனிக்கிழமை காலைல தண்ணிக்கு அடியில உன்ற கருகமணி கண்ணுக்குத் தெரிஞ்சா குளம் இருக்கட்டும். தெரியலீன்னா மண்ணைக் கொட்டி மூடி எலுமிச்சை வெச்சுருவேன். அப்பறம் என்னையக் கேக்கப்படாது." கேலிக்குச் சொன்னதுதான். அந்தத் தண்ணீரில் அன்று யானையே கிடந்தாலும் தெரிந்திருக்காது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், அதிலிருந்து மாறுகிற ஆள் இல்லை அவர், அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் அவள் இந்த மூன்று சாயங்காலமும் குளத்துக்கு மருந்து ஊற்றுகிற பிளாஸ்டிக் மக்கைத் தூக்கினாள். மக்கு. அந்தப் பச்சை மக்கைக் கழுவினோமா இல்லையா? காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கருகமணி எப்படிக் குளத்துக்குள் போனது என்று யாராவது கேட்டால் சிரிக்காமல் சொல்ல முடியாது, இப்போதும் சொல்ல நினைத்தால் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். ஆடி நோம்பி வந்தால் பவானிக்குப் போய்விடுவார்கள். அவள் பிறந்த ஊர். கூடுதுறைப் படியிறங்கி, காப்பரிசி படைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, முளைப்பாரியைக் கரைத்துவிட்டு வருவார்கள். இந்த வருஷம் அவளுக்குப் படி இறங்க முட்டி இல்லை. முட்டி இருந்தது, தேய்ந்து இருந்தது. நோம்பிக்கு ஆற்றுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, "ஆத்துக்கு நீ போவ முடியலீன்னா என்ன, இத்தாம் பெரிய தண்ணி ஊட்டுக்குப் பொறத்தாண்டயே கெடக்குதே, இங்கயே கும்புட்டாப் போச்சு" என்று சொன்னதே அவர்தான். அவளுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது, இல்லையென்று இப்போது சொன்னால் பொய். அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டில் சொன்னாள், நோம்பியன்று அந்தத் தெருவில் ஆற்றுக்குப் போகாத அத்தனை பெண்களும் முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு குலவையோடு இவள் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். வாழை மட்டையில் விளக்கு விட்டார்கள், நாகமணி தன் காதோலையையும் கறுப்பு மணி கோத்த கருகமணி வளையத்தையும் விட்டாள். மஞ்சளைக் கரைத்தார்கள், குங்குமத்தைக் கரைத்தார்கள், பூவைக் கொட்டினார்கள். முளைப்பாரி ஒவ்வொன்றையும் நன்றாக மக்கின சாணி எருப் போட்ட மண்ணோடு, சட்டியைக் கவிழ்த்து, விரலால் உதிர்த்து, ஒரு பிடி மண்கூடச் சட்டியில் ஒட்டாமல் சுத்தமாகக் கரைத்தார்கள். நீலச் சில்லுப் பதித்த, மெல்போர்னில் இருக்கிற பேத்திகள் லீவில் வந்தால் நீந்தட்டும் என்று கட்டின குளத்தில். அன்றைக்கு எவ்வளவு அழகாக இருந்தது. மஞ்சள் தண்ணீரில் விளக்கு மிதந்துபோனதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நாளில் குளம் கீரை கடைந்த சட்டியாகிவிட்டது. ஒரு தெருவே சேர்ந்து எருப் போட்டால் பாசி என்ன செய்யும் பாவம், அதற்கும் நோம்பிதான். எல்லோரும் போய்விட்டார்கள், பச்சைத் தண்ணீர் மட்டும் இவர்களோடு நின்றுவிட்டது.

அப்புறம் அவர் குளோரின் மாத்திரையில் இறங்கினார். குளம் கட்டின நாளிலிருந்து மாத்திரைதான், தேங்காய் பர்பி அளவுக்கு வெள்ளை வெள்ளையாக, மிதக்கிற டப்பாவில் ரெண்டு போட்டு விட்டால் தன்னால் கரையும், வாரம் பூராவும் கவலையில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான் ஓடியது. பச்சையானதும் நாலு போட்டார். அடங்கவில்லை, எட்டுப் போட்டார். மோட்டார்க்காரர் இல்லையா, ஓடாததை ஓடவைக்க இன்னும் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் போதும் என்கிற புத்தி. பச்சை மக்கில் மாத்திரையை உடைத்துப் போட்டு, குச்சியால் குத்திக் கரைத்து ஊற்றிப் பார்த்தார். பாசி அதையும் சாப்பிட்டுவிட்டுக் கொழுத்தது. இது என்ன கணக்கு என்று அவளுக்கு அப்போதே உறுத்தியது, இத்தனை மருந்து போட்டும் நோய் ஏறுகிறதென்றால் நோயில் கோளாறா மருந்தில் கோளாறா என்று. கேட்டாள். "நாப்பது வருசமாத் தண்ணிக்குள்ளயே கெடந்தவன் நானு, எனக்கே சொல்லித் தர்றயா" என்றார். தண்ணீரை ஏற்றுவது வேறு, வைத்துக் காப்பாற்றுவது வேறு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு நாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒருத்தர் வந்து வீடு வீடாகத் தொட்டி பார்த்துவிட்டு இந்தக் குளத்தின் ஓரத்தில் வந்து நின்றார், பேனாவை எடுத்தார், மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கொசு வந்துவிடுமுங்க என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே எலுமிச்சைப் பேச்சு வந்துவிட்டது. எலுமிச்சை நல்ல மரந்தான். எலுமிச்சையின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எலுமிச்சையில் மிதக்க முடியாது.

மிதப்பது யாருக்கும் தெரியாது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு முட்டியும் ரொம்பத் தேய்ஞ்சிருக்கும்மா, ஆபரேஷனை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம், தண்ணியில நடங்க, மார் அளவு தண்ணியில தினமும் நடங்க என்று சொன்னார். தரையெல்லாம் பினாயில் வாசனையடித்த அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் நினைத்தது, நம்ம வீட்டில்தான் அது சும்மா கிடக்கிறதே என்பது. மகள் விட்டுப்போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் நாள் கம்பியை விட்டு நகரவே இல்லை. பவானிக்காரிக்கு நீச்சல் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணன் தம்பியெல்லாம் ஆற்றில் குதிக்கும்போது அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பது அவள் வேலையாக இருந்தது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதுகூட இல்லை, வருத்தப்படலாம் என்றே தோன்றியதில்லை. தண்ணீரில் நடந்தாள். முட்டி வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், அவர் தூங்குகிற நேரம், கம்பியைப் பிடித்தபடி பின்னால் சாய்ந்து பார்த்தபோது கால் தன்னால் மேலே வந்துவிட்டது. அவள் தூக்கவில்லை. அதுவாக வந்தது. பயத்தில் கம்பியை இறுக்கிக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை விட்டாள், இன்னொரு நாள் இன்னொரு கையையும் விட்டாள். காதுக்குள் தண்ணீர் போய் ஊர் சத்தம் முழுக்க நின்றுபோய்விட்டது. மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. அறுபது வயதில், எழுபத்திநாலு கிலோ உடம்பு, ஒருத்தர் தாங்காமல், ஒன்றைப் பிடிக்காமல் கிடக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறதென்று யாரும் இத்தனை நாள் சொல்லவில்லையே என்று கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பார்க்க வருவார்கள், பத்திரம் பத்திரம் என்பார்கள், அவர் ஒரு டயர் ட்யூபை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டதில்லை. அதற்கு மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை. வருவதற்குள் பாசி வந்துவிட்டது.

மக்கு, பச்சை மக்கு. புதன்கிழமை குளோரின் கேனை முதன்முதலாகத் திறந்தபோது எந்த மக்கில் ஊற்றினாள்? சிவப்பில்தானே? சிவப்பைத்தான் கடையிலிருந்து வரும் வழியில் புதிதாக வாங்கினாள், ஆமாம், ஆட்டோவை நிறுத்தி வாங்கினாள். ஆனால் பச்சையும் அங்கேயே மோட்டார் அறைக்கு வெளியே கல் மேல் கிடந்தது, அடியில் மாத்திரைத் தூள் ஒட்டிக்கொண்டு, அதற்குள் ஒரு சொட்டுத் தெறித்திருந்தால்கூட ஆபத்து. மாத்திரையையும் கேனில் இருக்கிறதையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீங்க அக்கா, புகைஞ்சு வெடிச்சுப் போயிரும், மூச்சை அடைச்சிரும் என்று ரசாக் பாய் கண்ணை உருட்டிச் சொல்லியிருந்தார். காந்திபுரத்தில் அவர் கெமிக்கல் கடை. கடைக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறுகிற வாசனை, அந்த வாசனையில் நின்றுகொண்டு ஒரு மனுஷர் எப்படிச் சிரித்த முகமாக இருக்கிறாரோ. குளத்துக்குக் குளோரின் வேணுமுங்க என்றதும் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார், மாத்திரை டப்பா, தூள் டப்பா, நீலக் கேன். "எல்லாருமே மாத்திரைதானுங்க்கா வாங்குறாங்க. போட்டுட்டு மறந்துரலாம். தூளு வேகமா வேலை செய்யும், வெச்சிருந்தாலும் கெடாது. லிக்விடு மலிவுதான், ஆனா தூக்கோணும், வெயில்ல வெச்சா வீரியம் போயிரும், சாயங்காலமாத்தான் ஊத்தோணும். உங்களுக்கு எதுங்க வேணும்?" மூன்றுமே குளோரின்தான் என்றால் எதற்கு மூன்று என்று அவளுக்குத் தோன்றியது. அரிசி, அவல், பொரி மூன்றும் நெல்தான், ஆனால் மூன்றையும் ஒன்றுபோல உலையில் போடுவோமா? வேறு ஆட்கள் வந்தார்கள், ஆசிட் வாங்கினார்கள், போனார்கள். அவள் மூன்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பாய் அவசரப்படுத்தவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முட்டிக்கு அது பெரிய உபகாரம். உட்கார்ந்ததும் புத்தி கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

தூள் டப்பாவைக் கையில் எடுத்தாள். "இது எதுலீங்க பண்றது?" "சுண்ணாம்புச் சத்துலதானுங்க. குளோரினைச் சுண்ணாம்புல ஏத்தி வெச்சாப்பல." அவ்வளவு போதும், டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வீட்டுப் போர் தண்ணீரை அவளைவிட யாருக்குத் தெரியும், வெந்நீர் போடுகிற அண்டாவில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும், குழாய் வாயில் உப்புப் பூத்திருக்கும், கல்யாணமாகி வந்த நாளாகப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை தேய்ந்ததுதான் மிச்சம். அந்தத் தண்ணீரில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டினால் பச்சை போய் வெள்ளை வரும், குளம் அண்டாவாகும். மாத்திரையை எடுத்தாள். மூன்று வருஷமாக வீட்டில் பார்த்துப் பழகின முகம். "இது கரைஞ்சதுக்கு அப்பறம் என்னங்க மிச்சமாவும்?" என்று கேட்டாள். பாய் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "குளோரின் வேலையப் பாத்துட்டுப் போயிரும்க்கா. ஆனா வெயில்ல குளோரின் சீக்கிரம் ஆவியாகாம இருக்க இதுல ஒரு மருந்து சேத்திருக்காங்க. அது போகாது. தண்ணியிலயே நிக்கும்." "வத்துனா?" "தண்ணிதான் வத்தும். அது வத்தாது." "ஒவ்வொரு மாத்திரைக்கும் கொஞ்சங் கொஞ்சமாச் சேந்துட்டே போகுமுங்களா?" "ஆமாங்க. ரொம்பச் சேந்துருச்சுன்னா குளோரினையே புடிச்சு வெச்சுக்கும், வேலை செய்ய விடாது." அவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குழம்பில் உப்பு ஏறிவிட்டால் என்ன செய்வோம், மேலே மேலே எதைப் போட்டாலும் உப்பு உப்புதான், ரெண்டு கரண்டி எடுத்துக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை விட்டால்தான் உண்டு. மூன்று வருஷமாக வெளியே எடுக்காமல் உள்ளே போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆற்றில் போட்டது போய்விடும். பவானியில் ஊரே சேர்ந்து முளைப்பாரி கரைத்தாலும் சாயங்காலத்துக்குள் தண்ணீர் அதைக் கொண்டுபோய்க் காவிரிக்குக் கொடுத்துவிடும். குளத்தில் போட்டது எங்கே போகும்? எருவும் போகவில்லை, மாத்திரையின் மிச்சமும் போகவில்லை. நிற்கிற தண்ணீரை ஓடுகிற தண்ணீர் என்று நினைத்ததுதான் அவளும் அவரும் தெருவும் சேர்ந்து பண்ணின தப்பு. "இந்தக் கேன்ல இருக்கறது என்னங்க மிச்சம் வெக்கும்?" "துளி உப்புதானுங்க. வேற ஒண்ணும் இல்லை." "அதைக் குடுங்க" என்றாள். கேட்டுப் பார்த்து, யோசித்து, ஒரு பொருளை இது வேண்டாம், இது வேண்டாம், இது என்று அவளாகச் சொல்லி வாங்கியது எப்போது கடைசியாக என்று ஆட்டோவில் வரும்போது நினைத்துப் பார்த்தாள். புடவை தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வந்ததும் பாதித் தண்ணீரை வெளியே விடச் சொன்னாள். அவர் கோபத்தில் வால்வுச் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரரிடம் இதைச் சொல்வதும் அடிப்பதும் ஒன்றுதான், அவளுக்குத் தெரியும். பச்சைத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க அவளுக்கும் வயிறு எரிந்தது. போரைப் போட்டு நிரப்பினாள். மாத்திரை டப்பாவைக் குளத்திலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். மிதந்த காதோலையையும் மட்டையையும் வலையால் அரித்தாள், பிரஷைக் கம்பில் மாட்டிச் சுவரையும் தரையையும் தேய்த்தாள், கருகமணி எந்த மூலைக்கு நகர்ந்ததோ. பொழுது இறங்கினதும் கேனைத் திறந்து, காற்றுக்கு எதிரே நிற்காமல், மக்கு மக்காக ஓரம் சுற்றி ஊற்றினாள். வாசனை மூக்கைச் சுட்டது. மோட்டார் இரவெல்லாம் ஓடியது. வியாழக்கிழமை காலையில் பச்சை செத்துச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. "பச்சை போயிப் பால் வந்திருக்குது. இதுல கருகமணி தெரியுதாக்கும்?" என்றார் அவர். அவள் ஃபில்டரைக் கழுவிவிட்டு அன்று சாயங்காலமும் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை நீர்மோர் மாதிரி ஆகியிருந்தது, மேல்படி தெரிந்தது, ரெண்டாம் படி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் கால் பங்குதான் ஊற்றினாள். கால் பங்கு போதுமென்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, அவளேதான் சொன்னாள், வாசனையைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, தாளிக்கிறபோது போதும் என்று கைக்குத் தெரியுமே அப்படித் தெரிந்தது. கைக்குத் தெரிந்தது சரியா? கை ஏமாறியதே இல்லையா? போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலில் கை ஏமாறியது. அதை நினைத்ததும் நெஞ்சில் பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னும் நிறையக் கொட்டியிருக்க வேண்டும். இல்லை, கொட்டினதே அதிகம், சில்லெல்லாம் வெளுத்திருக்கும். தூளாகவே வாங்கியிருக்கலாம். மாத்திரையே இருந்திருக்கலாம், எல்லோரும் மாத்திரைதானே வாங்குகிறார்கள், எல்லோருக்கும் தெரியாததா அவளுக்குத் தெரிந்துவிட்டது? லாரி வந்து நிற்கும். டிரைவர் முன்னால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் அவர் வழக்கம், சொல்லாமல் கையை மட்டும் காட்டுவார். மண் விழுகிற சத்தம் எப்படி இருக்கும்? தண்ணீரில் மண் விழுகிற சத்தம். மக்கைக் கழுவினோமா?

காப்பி முழுக்க ஆறிவிட்டது. ஆறினதைக் குடித்தாள். கண்ணுக்கு நேரே மோட்டார் அறையின் சுவர் வெளுத்துக்கொண்டு வந்தது, முதலில் சுவர், அப்புறம் கதவின் பூட்டு, அப்புறம் துவைக்கிற கல். கல் மேல் பச்சை மக்கு இருந்தது. கவிழ்த்து வைத்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், மக்கு இருக்கிறது, கவிழ்ந்து இருக்கிறது என்று. பிறகுதான் உறைத்தது. அவள் எதையும் கவிழ்த்து வைக்கமாட்டாள். சாய்த்து வைப்பாள், காற்றுப் போகட்டும் என்று. இந்த வீட்டில் டம்ளரோ வாளியோ எதைக் கழுவினாலும் கவிழ்த்து வைக்கிற ஆள் ஒருத்தர்தான், பட்டறைத் தூசி விழுந்துவிடும் என்று பழகின கை, பட்டறையை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் அந்தக் கைக்கு இன்னும் தூசி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் கழுவியிருக்கிறார். ரசாக் பாய் சொன்னதை அவள் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னபோது காதில் வாங்காதவர் மாதிரி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தவர், அப்புறம் அவளுக்குத் தெரியாமல் வெளியே வந்து, மாத்திரைத் தூளைச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மண் லாரிக்கும் சொல்லியிருக்கிறார். ரெண்டையும் ஒரே மனுஷர்தான் செய்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, என்ன ஆளோ என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாளாக மனசைக் குடைந்த மக்கு ஒரு வழியாக இறங்கியது. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள், முட்டி வழக்கம்போல ஒரு தரம் கத்தியது, திரும்பினாள்.

தண்ணீரே இல்லை என்று நினைத்துவிட்டாள். ராத்திரியில் யாரோ வடித்துவிட்டார்கள், வெறும் தொட்டி கிடக்கிறது என்று. அப்புறம் காற்று வந்து ஒரு சுருக்கம் ஓடியது, அப்போதுதான் தண்ணீர் இருப்பதே தெரிந்தது. மேல்படி, ரெண்டாம் படி, மூன்றாம் படி, தரை. நீலச் சில்லுகளுக்கு நடுவே சிமென்ட் கோடு கோடாகத் தெரிந்தது. ஏணிக்குக் கீழே, ஆழமான மூலையில், கறுப்பாக, சின்னதாக, ஒரு வளையம். மணி மணியாகத் தெரிந்தது. எண்ணினாள். எண்ணும்போதே கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். குளோரின் அளவு பார்க்கப் பாய் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை மொண்டு மருந்தைச் சொட்டு விட்டாள், மருந்து கூடியிருந்த நாளில் சிவந்து போனது இன்று இறங்கிக் குளிக்கலாம் என்கிற அளவில், எலுமிச்சைச் சாறு போல வெளிர் மஞ்சளோடு நின்றது, எலுமிச்சை வேண்டுமென்றாரே, இந்தாங்க எலுமிச்சை என்று வாய்விட்டே சொன்னாள். உள்ளே போய்ச் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்தாள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, அல்லது விழித்துக்கொண்டே படுத்திருந்தார். கம்பியைப் பிடித்து இறங்கினாள். தண்ணீர் ஜில்லென்று இடுப்புக்கு ஏறியது, மாருக்கு ஏறியது, முட்டி வாயை மூடியது. சாய்ந்தாள். கால் வந்தது. இரண்டு கையையும் விட்டாள். வானம் முழுசாக விடிந்திருந்தது, காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை, இத்தனை நாள் இதைப் பாசிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எலுமிச்சைக்கும் விட்டுக்கொடுக்க இருந்தோமே, எவ்வளவு பெரிய முட்டாள்தனம், நான் ஜெயித்துவிட்டேன், நான்தான், நானே கேட்டு நானே வாங்கி நானே ஊற்றி ஜெயித்துவிட்டேன் என்று அவள் மனசு கூசாமல் சொல்லிக்கொண்டது. சொல்லச் சொல்ல இனித்தது. பிறகு தண்ணீர் வழியாகவே ஒரு அதிர்வு வந்தது, காதால் கேட்கவில்லை, முதுகால் கேட்டாள். லாரி.

தலையைத் தூக்கினபோது அவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் பல் விளக்குகிற பிரஷ் அப்படியே நின்றிருந்தது. வாசலில் ஹாரன் கேட்டது, அவர் திரும்பவில்லை. "நீ எப்ப மெதக்கப் பழகுன?" என்றார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "பங்குனியில" என்றாள். "எங்கிட்டச் சொல்லவே இல்லை?" "பச்சை மக்கைக் கழுவுனதை நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா?" அவர் பிரஷை வாயில் வைத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், ஏணிக்குக் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தெரியுது" என்றார். சொன்ன சொல்லிலிருந்து மாறாத ஆள். "தெரிஞ்சாப் போதுமா, கையில வேண்டாமா?" என்றாள் அவள். வாய் முந்திக்கொண்டுவிட்டது. தலையை உள்ளே விடாதவள் அவள். ஆற்றில் விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, இது ஆறு இல்லையே, ஆறென்று நினைத்துத்தானே இத்தனை வம்பும், குளத்தில் போட்டதை நாம்தானே எடுத்தாக வேண்டும் என்று இன்னொரு நினைப்பு அதைத் தள்ளிவிட்டது. ஏணிக் கம்பியை ஒரு கையால் பிடித்தாள். மூச்சை இழுத்தாள். "ஏ, நாகு, வேண்டாம்" என்று அவர் சொன்னது பாதிதான் கேட்டது. கம்பி கம்பியாகக் கைமாற்றி இறங்கினாள், மூக்கு, கண், நெற்றி, உச்சந்தலை, எல்லாம் உள்ளே போனது, உடம்பு மேலே மேலே என்று இழுத்தது, அவள் கீழே கீழே என்று இழுத்தாள். கண்ணைத் திறந்தாள். கலங்கலாக, நீலமாக, வெளிச்சமாக இருந்தது. கையை நீட்டினாள். விரலில் மணி உருண்டது, நழுவியது, மறுபடி உருண்டது, பிடித்துவிட்டாள்.

மேலே வந்தபோது இருமல் வந்தது, கண் எரிந்தது, தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியோடு மூன்றாம் படியில் நின்றிருந்தார், முட்டிவரை நனைந்து, இரண்டு கையையும் நீட்டியபடி. நீட்டின கையில் அவள் கருகமணியை வைத்தாள். லாரி டிரைவர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையைக் காட்டி, "அண்ணா, மண்ணை எங்கீங்க கொட்டறது?" என்றான். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தண்ணீரிலிருந்தே சொன்னாள். "முன்னால கேட்டோரம் கொட்டுங்க தம்பி. எலுமிச்சை வெக்கோணும்." டிரைவர் அவரைப் பார்த்தான். அவர் கையிலிருந்த கருகமணியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்ற எடத்துல கொட்டுப்பா" என்றார். பிறகு அதை ஈரத்தோடு மூடிப் பிடித்துக்கொண்டு, "இதை என்ன பண்றது?" என்று கேட்டார். "பத்திரமா வெய்யுங்க. வர்ற ஆடிக்குப் பவானியில விட்டுக்கலாம்." "அத்தனை படி நீ எறங்கோணுமே." நாகமணி கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். "எறங்குவேன்" என்றாள், கால் தன்னால் மேலே வந்தது.